குழாய் வளருமா டீச்சர்?



இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு உட்கார்ந்து படியுங்கள். கல்யாண போட்டோ, பேரன் போட்டோ எதுவும் இதில் இல்லை. ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். 33 வருஷம் உங்கள் நோட்டில் சிவப்பு மையால் வட்டம் போட்டவள் நான். என்னுடைய தப்புக்கு மட்டும் வட்டம் போடாமல் விட்டால் நியாயம் இல்லை.

"இரத்தக் குழாய் என்றால் என்ன?" என்று கேட்டால், என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த யாராக இருந்தாலும் ஒரே பதில்தான் சொல்வீர்கள். "தண்ணி ஓடுற பைப்பு மாதிரி டீச்சர், அதுல ரத்தம் ஓடும்." அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். அது தப்பு. சின்னத் தப்புதானே என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் அது சின்னதாக இருக்கவில்லை.

1985-இல் ஆசிரியர் பயிற்சி டிப்ளமோவைக் கையில் வைத்துக்கொண்டு வேலைக்குச் சேர்ந்தேன். முதல் பள்ளிக்கூடம் கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சின்ன ஊர். அப்போது தென்னார்க்காடு மாவட்டம். 1993-இல் விழுப்புரம் மாவட்டம் ஆனது. நான் ஓய்வு பெற்றபின் 2019-இல் கள்ளக்குறிச்சி மாவட்டம் ஆனது. இரண்டு மாவட்டத்தில் வேலை பார்த்து மூன்றாவது மாவட்டத்தில் பென்ஷன் வாங்குகிறேன், இந்தப் பக்கத்தை விட்டு நகரவே இல்லை!

அது ஈராசிரியர் பள்ளி. சுனையிலிருந்து கறுப்பு ஓஸ் பைப் போட்டுப் பள்ளிக்கூடத் தொட்டிக்குத் தண்ணீர் வரும். மழைக்காலத்தில் இலையும் சேறும் போய் அடைத்துக்கொள்ளும். பெரிய பையன்கள் பைப்பைக் கழற்றி, வாயால் ஊதி, மூங்கில் குச்சியை விட்டுக் குத்துவார்கள். குபுக்கென்று தண்ணீர் கொட்டும். ஒரு நாள் அப்படி அடைப்பு எடுத்த கையோடு அறிவியல் பாடம். இரத்த ஓட்டம். கையில் இருக்கிற உதாரணத்தை விட மனசு வருமா? "இதோ பாருங்க, இதுதான் இரத்தக் குழாய். இந்தச் சேறுதான் கொழுப்பு. அடைச்சா மாரடைப்பு" என்று சொன்னேன். பிள்ளைகளுக்கு நன்றாகப் புரிந்தது. புரிந்துவிட்டதால் வருஷா வருஷம் அதையே சொன்னேன்.

அந்த வகுப்பில் கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்து கேட்டாள். "டீச்சர், நாம வளர்றோமே, அந்தக் குழாயும் கூட வளருமா?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். "குழாய் எங்கயாவது வளருமா? உக்காரு" என்றேன். உட்கார்ந்துவிட்டாள்.

இனி எங்கள் அண்ணன் கதை. சொந்தக்காரர்களுக்குப் பாதி தெரியும். மீதியை நான் யாரிடமும் சொன்னதில்லை.

2014-இல் அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்தது. கச்சிராயபாளையம் பக்கம் கரும்பு வைத்திருந்தார், உங்களுக்குத் தெரியும். வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கொண்டு போனோம். ஆஞ்சியோ எடுத்துப் பார்த்து, ஒரு குழாயில் அடைப்பு, ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்றார்கள். டாக்டர் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். "ரெண்டு விதம் இருக்கும்மா. ஒன்னு சாதா ஸ்டென்ட். இன்னொன்னு மருந்து பூசினது. மருந்து பூசினதுல திரும்ப அடைக்கிற வாய்ப்பு குறைவு. ஆனா நீங்க மேற்கொண்டு பணம் கட்டணும்." ஒரு லட்சத்துக்கு மேல் சொன்னார்கள். கரும்புப் பணம் கைக்கு வராத வருஷம் அது.

எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் குடும்பத்தில் படித்தவள் நான் ஒருத்திதான்.

எனக்கு மனசுக்குள் என்ன ஓடியது என்று மறைக்காமல் சொல்கிறேன். பூச்சு என்றதும் இரும்புப் பைப்புக்குத் துரு பிடிக்காமல் அடிக்கிற பெயின்ட் மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். குழாய்தானே, அடைப்பை எடுத்தால் போதாதா, பூச்சு எதுக்கு? "சாதாவே போதும் சார்" என்றேன். டாக்டர், "யோசிச்சுச் சொல்லுங்க" என்று ஒரு தடவை கேட்டார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. "அந்த மருந்து என்ன செய்யும்?" என்ற ஒரு கேள்வியை நான்தான் கேட்கவில்லை. பிள்ளைகளைக் கேள்வி கேளுங்கள் என்று சொல்லிச் சொல்லியே காலம் தள்ளினவள்!

வீட்டுக்கு வந்ததும் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அண்ணனுக்குப் படம் போட்டுக் காட்டினேன். "இதுதான் குழாய். சேத்தை ஓரமா தள்ளிட்டு, மறுபடி மூடாம இருக்க உள்ள ஒரு கம்பி வலை வச்சிட்டாங்க. இனி உனக்கு ஒன்னும் இல்ல." அண்ணன் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஏழு மாதம் கழித்து வயலில் நடக்கும்போது நெஞ்சு இறுகியிருக்கிறது. உட்கார்ந்தால் போய்விடும். வாய்வு என்று நினைத்து ஓமத் தண்ணீர், சோடா. அண்ணி, "டாக்டரப் போய்ப் பாருங்க" என்று சொன்னபோது, "அதான் அடைப்ப எடுத்தாச்சே. பாப்பா படமே போட்டுக் காட்டிச்சே" என்றிருக்கிறார். இப்படியே ஏறக்குறைய இரண்டு மாதம். கரும்பு வெட்டு நடந்த அன்று வரப்பிலேயே சாய்ந்துவிட்டார்.

இந்தத் தடவை மாரடைப்பு. மறுபடி ஆஞ்சியோ. டாக்டர் வெளியே வந்து, "ஸ்டென்டுக்குள்ள சதை வளர்ந்திருக்கு" என்றார்.

சதை வளர்ந்திருக்கிறது என்ற அந்த வார்த்தை என் காதில் ஏறவே இல்லை. எனக்குத் தெரிந்தது சேறு, கொழுப்பு. அதனால் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில், நாலு பேர் பார்க்க, நான் அண்ணியைத் திட்டினேன். "எண்ணெயக் குறைங்கன்னு எத்தன தடவ சொன்னேன்? ஞாயித்துக்கிழமையானா கறி!" அண்ணி ஒரு வார்த்தை பேசவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றார்.

இரண்டாவது தடவை மருந்து பூசிய ஸ்டென்ட் வைத்தார்கள். அண்ணன் பிழைத்தார். ஆனால் இதயத்தின் ஒரு பக்கம் பலவீனமாகிவிட்டது. எக்கோவில் 35 சதவீதம் என்று வந்தது. (அதைக் கேட்டு நம் சொந்தக்காரர் ஒருவர் அழுதே விட்டார். 100-க்கு 35 மார்க் இல்லை அது. நல்ல இதயமே ஒரு துடிப்பில் தன்னிடம் இருக்கும் இரத்தத்தில் 55 முதல் 70 சதவீதம்தான் வெளியே தள்ளும். 35 குறைவுதான், ஆனால் நீங்கள் பயந்த அளவுக்கு இல்லை.)

இதெல்லாம் நடந்தபோது அண்ணனின் கடைக்குட்டி பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்தாள். பிறகு பி.பார்ம், எம்.பார்ம். இப்போது மருந்தியலில் ஆராய்ச்சி. அவள்தான் எனக்குப் பாடம் எடுத்தாள். அது நடந்ததும் நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதுதான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை வேளை எனக்கு நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. நாடி 190. மூச்சைப் பிடித்து முக்கச் சொன்னார்கள், அடங்கவில்லை. நர்ஸ் பொண்ணு, "அடினோசின் போடப் போறோம் டீச்சரம்மா. நெஞ்சு ஒரு மாதிரி இருக்கும், சில வினாடிதான், பயப்படாதீங்க" என்றாள். முதலில் 6 மில்லிகிராம். ஒன்றும் ஆகவில்லை. டாக்டர், "காபி குடிச்சீங்களா?" என்றார். விடிந்ததிலிருந்து இரண்டு டம்ளர். "அதுவாத்தான் இருக்கணும்னு இல்ல, ஆனா காபி இந்த மருந்த மறிக்கும்" என்று சொல்லிவிட்டு 12 மில்லிகிராம் போட்டார்கள்.

பிள்ளைகளே, அந்த சில வினாடிகளை என்னால் எழுத முடியாது. யாரோ உள்ளே விளக்கை அணைத்தது போல இருந்தது. திரையில் கோடு நேராகப் போனது. அப்புறம் ஒரு துடிப்பு. இன்னொரு துடிப்பு. நிதானமாக 80-க்கு வந்துவிட்டது. இரத்தத்தில் அந்த மருந்து பத்து வினாடி கூடத் தங்காதாம்.

சாயங்காலம் அண்ணன் மகள் பார்க்க வந்தாள். "என்ன மருந்தும்மா அது? எமனைக் கூட்டிட்டு வந்து காட்டிட்டுத் திருப்பி அனுப்புது" என்றேன். சிரித்துவிட்டு, "அது வெளி மருந்தே இல்ல அத்தை. நம்ம உடம்புல எப்பவும் இருக்கறதுதான். அப்பாவோட ஸ்டென்ட்ல வளர்ந்த சதையையும் அதுதான் 'வளராத'ன்னு சொல்ற ஆள்" என்றாள். கொஞ்சம் பொறுத்து மெதுவாகக் கேட்டாள். "அத்தை, அப்பாகிட்ட குழாய்னு படம் போட்டுக் காட்டினது நீங்கதானே?"

கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

அவளிடம் பல நாள் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப் போகிறேன். எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன்.

தமனி என்பது குழாய் இல்லை. மூன்று அடுக்கு உயிருள்ள சுவர். உள்பக்கம் வழுவழுப்பான மெல்லிய தோல் போல ஒரு வரிசை செல்கள். வெளிப்பக்கம் நார்த்திசு. நடு அடுக்கு முழுக்கத் தசை. நாம் கையை மடக்குகிற மாதிரி நினைத்தபடி இயக்க முடியாத மென்தசை. சுருங்கவும் விரியவும் செய்து, எங்கே எவ்வளவு இரத்தம் போக வேண்டும் என்று பார்த்துக்கொள்வது அதன் வேலை. சாதாரண நாளில் அந்தத் தசைச் செல்கள் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும். பெருகாது.

பலூனை ஊதி ஸ்டென்டை அழுத்தி வைக்கும்போது அந்தச் சுவரில் காயம் படுகிறது. படாமல் வைக்கவே முடியாது. காயம் பட்டதும் நடு அடுக்கில் இருந்த தசைச் செல்கள் சுபாவத்தை மாற்றிக்கொள்கின்றன. சுருங்கி விரிகிற வேலையை விட்டுவிட்டு, பெருகி, உள்பக்கமாக நகர்ந்து வந்து, பசை மாதிரி பொருளைச் சுரந்து காயத்தை மூடுகின்றன. மூடட்டும், நல்லதுதான். ஆனால் சிலருக்கு அது நிற்பதில்லை.

கோமுகி அணைக் கால்வாய்ப் பாசனம் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். கரை உடைந்தால் ஊரே கூடி மண் கொட்டும். உடைப்பு அடைபட்ட பிறகும் பயத்தில் இன்னும் பத்து கூடை, இன்னும் இருபது கூடை என்று கொட்டிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? கரை பலமாக நிற்கும். வாய்க்கால் குறுகிவிடும். கடைமடைக்குத் தண்ணீர் போகாது. எங்கள் அண்ணனுக்கு நடந்தது அதுதான். மேலிருந்து சேறு வந்து அடைக்கவில்லை. கரையே உள்பக்கம் வளர்ந்துவிட்டது.

பலூன் மட்டும் வைத்த காலத்தில் ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவருக்கு இப்படித் திரும்பச் சுருங்கியதாம். சாதா ஸ்டென்ட் வந்த பிறகு நான்கைந்து பேரில் ஒருவருக்கு. பெரும்பாலும் முதல் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள். எங்கள் அண்ணனுக்கு ஏழாவது மாதம் வலி வந்தது. கணக்கு சரியாக இருக்கிறது, பாருங்கள்.

சரி, "போதும், நிறுத்து" என்று யார் சொல்வது? அங்கேதான் அடினோசின் வருகிறது. செல்லுக்குச் சக்தி கொடுக்கும் பொருள் ஏடிபி. பத்தாம் வகுப்பில் படித்திருப்பீர்கள். அது உடைந்து உடைந்து கடைசியில் வருவதில் ஒன்று அடினோசின். செல் மூச்சுமுட்டினால், காயம் பட்டால், அந்த இடத்தில் அடினோசின் கூடும். அது இதயத்தை மெதுவாக்கும், இரத்தக் குழாயை விரிக்கும் என்று 1929-இலேயே கேம்பிரிட்ஜில் ட்ரூரி, செண்ட்-ஜ்யோர்ஜி என்ற இருவர் கண்டுபிடித்துவிட்டார்கள். (இந்த செண்ட்-ஜ்யோர்ஜி நமக்குத் தெரிந்தவர்தான். வைட்டமின் சி பாடத்தில் வருவார். 1937-இல் நோபல் பரிசு வாங்கினார்.)

ஒரே பொருள் இதயத்தில் ஒன்று செய்கிறது, மூளையில் தூக்கம் வரவைக்கிறது, தமனித் தசையில் வளராதே என்கிறது. எப்படி? நான் இதை நம் பள்ளிக்கூட மணியை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். தண்டவாளத் துண்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருப்போமே. மூன்றரை மணிக்கு அதை அடித்தால், ஒன்றாம் வகுப்புக்கு வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம். ஐந்தாம் வகுப்புக்கு விளையாட்டு. மணி ஒன்றுதான். எந்த வகுப்பு கேட்கிறது என்பதைப் பொறுத்து வேலை மாறுகிறது. அந்த வகுப்புகளுக்குப் பெயர்தான் ரிசப்டர், தமிழில் ஏற்பி. அடினோசினுக்கு நான்கு ஏற்பிகள். ஏ1, ஏ2ஏ, ஏ2பி, ஏ3. பெயர் வைத்தவர்களுக்கு ரசனை போதாது.

என் இதயத்தைச் சில வினாடி நிறுத்தியது ஏ1. தமனியை விரிப்பதில் பெரும்பங்கு ஏ2ஏ. நீங்கள் காபி குடித்தால் தூக்கம் போகிறதே, அது காபியில் இருக்கும் கஃபீன் போய் இந்த வகுப்புகளின் கதவைச் சாத்திவிடுவதால்தான். மணி அடித்துக்கொண்டே இருக்கும், உள்ளே கேட்காது.

தசைச் செல்லிடம் வளராதே என்று சொல்வது ஏ2பி. அது பள்ளிக்கூடத்தின் கடைசி மூலையில் இருக்கிற வகுப்பு மாதிரி. லேசாக அடித்தால் அதற்குக் கேட்காது. மற்றவை கொஞ்சம் அடினோசினுக்கே திரும்பிப் பார்க்கும். ஏ2பி விழிக்க நிறைய வேண்டும். காயம், ஆக்ஸிஜன் பஞ்சம் மாதிரி ஆபத்து வந்து அடினோசின் ஏராளமாகக் கூடும்போதுதான் அது எழுந்து நிற்கும்.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று நானும் விடாமல் கேட்டேன். 1990-களில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் துபே, ஜாக்சன் என்ற விஞ்ஞானிகளின் குழு தமனித் தசைச் செல்களைத் தட்டில் வளர்த்துப் பார்த்திருக்கிறது. அந்தச் செல்கள் தாங்களே அடினோசினைச் சுரந்து, அதனாலேயே தங்கள் வளர்ச்சியை அடக்கிக்கொள்கின்றன. மனிதப் பெருந்தமனிச் செல்லிலும் அப்படித்தான், அந்த வேலை ஏ2பி வழியாக நடக்கிறது என்று 1998-இல் எழுதினார்கள். பிறகு 2008-இல் பாஸ்டனில் காட்யா ராவிட் என்ற அம்மாவின் குழு, ஏ2பி ஏற்பியே இல்லாத சுண்டெலிகளை வைத்துச் சோதித்தது. தொடைத் தமனியில் காயம் உண்டாக்கிப் பார்த்தால், ஏ2பி இல்லாத எலிக்குச் சுவர் உள்பக்கமாக அதிகம் தடித்திருந்தது. நிறுத்தச் சொல்ல ஆள் இல்லை, மண் கொட்டிக்கொண்டே இருந்தார்கள்.

"அப்போ ஸ்டென்ட்ல அடினோசினத் தடவிட்டா முடிஞ்சுதே!" என்றேன். எனக்கு எல்லாம் புரிந்துவிட்ட சந்தோஷம். அவள் தலையை ஆட்டினாள். "அவசரப்படாதீங்க அத்தை. மறுபடியும் பைப்பாக்கிடுவீங்க போல இருக்கு."

2005-இல் வந்த இன்னொரு ஆராய்ச்சியைக் காட்டினாள். அதில் பன்றியின் இதயத் தமனித் தசைச் செல். பன்றியின் இதயத் தமனி நம்முடையதைப் போலவே இருக்கும் என்பதால் அதை எடுக்கிறார்கள். அங்கே அதே அடினோசின், ஏ1 வழியாக, தசைச் செல்லைப் பெருகச் செய்தது! ஒரு வகுப்புக்கு நிறுத்து என்று கேட்கிற மணி, பக்கத்து வகுப்புக்குத் தொடங்கு என்று கேட்கிறது. எந்த இடத்துத் தமனி, எந்த ஏற்பி அங்கே அதிகம், எவ்வளவு அடினோசின் என்பதைப் பொறுத்து எல்லாம் மாறுகிறது. அதோடு பத்து வினாடி கூடத் தங்காத பொருளை மாதக்கணக்கில் எப்படி அங்கே நிறுத்தி வைப்பது?

எனக்கு இந்த இடம்தான் பிடித்தது. 33 வருஷம் ஒரு கேள்விக்கு ஒரு விடை என்று மார்க் போட்டவளுக்கு, இரண்டு எதிரெதிர் விடையும் சரியாக இருக்க முடியும் என்று தெரிந்துகொள்ள 60 வயதைத் தாண்ட வேண்டியிருந்தது.

அப்படியானால் நான் வேண்டாம் என்று சொன்ன பூச்சில் இருந்தது என்ன? அது வேறு மருந்து. சிரோலிமஸ் மாதிரி, அந்தக் குடும்பத்து மருந்துகள். அவை ஏற்பி வாசலில் நின்று பேசுவதில்லை, செல்லுக்குள் போய்ப் பெருகுகிற வேலையையே நிறுத்துகின்றன. அதன் கதை தனிக் கதை. 1964-இல் பசிபிக் கடலில் ஈஸ்டர் தீவிலிருந்து அள்ளிய மண்ணில் இருந்த நுண்ணுயிரியிலிருந்து அதைப் பிரித்தெடுத்தவர் சுரேந்திர நாத் சேகல் என்ற நம் நாட்டுக்காரர், பனாரஸில் படித்தவர், கனடாவில் வேலை பார்த்தவர். 80-களில் கம்பெனி அந்த ஆய்வுக்கூடத்தை மூடியபோது, தூக்கிப் போட மனமில்லாமல் அந்த நுண்ணுயிரியை வீட்டு ஃப்ரீசரில் வைத்துப் பாதுகாத்தாராம். மண்ணிலிருந்து வந்த அந்த மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 2003-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்த வருஷ ஆரம்பத்தில்தான் சேகல் காலமாகியிருந்தார்.

முதல் இதய பலூனே 1977 செப்டம்பர் 16-இல் ஜூரிக்கில்தான் நடந்தது. ஆந்த்ரியாஸ் குருன்ட்சிக் என்ற டாக்டர், அந்த பலூன் குழாய்களைத் தன் வீட்டுச் சமையலறை மேஜையில் வைத்துச் செய்து பழகியவர். அவரிடம் பயிற்சி எடுத்துவிட்டு வந்து நம் சென்னையில் 1980-களில் இதைத் தொடங்கிப் பரப்பியவர் டாக்டர் மேத்யூ சாமுவேல் கலரிக்கல். சமையலறையில் பலூன், வீட்டு ஃப்ரீசரில் மருந்து! இவ்வளவு பேர் இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்து கொடுத்ததை, பெயின்ட் என்று நினைத்து வேண்டாம் என்றவள் உங்கள் டீச்சர்.

2017 பிப்ரவரியில் மத்திய அரசு ஸ்டென்ட் விலைக்கு வரம்பு வைத்தது. சாதா ஸ்டென்ட் 7,260 ரூபாய், மருந்து பூசியது 29,600 ரூபாய். அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

"பூசினத வச்சிருந்தா அப்பாவுக்கு இது வந்திருக்காதா?" என்று அண்ணன் மகளிடம் நேராகவே கேட்டுவிட்டேன். "சொல்ல முடியாது அத்தை. சாதா வச்ச முக்காவாசிப் பேருக்கு நல்லாத்தான் இருக்கு. பூசினதுலயும் சிலருக்கு வளருது. வாய்ப்பு குறைஞ்சிருக்கும், அவ்வளவுதான். ஆனா வலி வந்த உடனே வந்திருந்தா மாரடைப்பு வரைக்கும் விட்டிருக்க மாட்டாங்க." அவள் என்னைத் தேற்றப் பொய் சொல்லவில்லை. நல்லபடியாக வளர்ந்திருக்கிறாள்.

ஆகவே பூச்சை விட, நான் காலண்டர் தாளில் போட்ட படம்தான் பெரிய தப்பு. ஸ்டென்ட் வைத்தவர்கள் வீட்டில் யாராவது இருந்தால், நடக்கும்போது நெஞ்சு இறுகினால், வாய்வு என்று சோடா குடிக்காமல் டாக்டரிடம் போங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இந்தப் பதிவைப் படித்துவிட்டு காபியை நிறுத்துகிறேன், கூட்டுகிறேன் என்றும் யாரும் கிளம்பாதீர்கள். நான் டாக்டர் இல்லை.

அண்ணி, இதை நீங்கள் பேத்தியை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்பீர்கள் என்று தெரியும். போன பொங்கலுக்கு உங்கள் வீட்டு அடுப்படியில் வைத்து உங்களிடம் சொல்லிவிட்டேன். "அத விடு, பழைய கதை" என்று சொல்லி எனக்கு வடை எடுத்து வைத்தீர்கள். ஆனால் நான் திட்டியது நாலு பேர் முன்னால். மன்னிப்பும் நாலு பேர் முன்னால்தான் கேட்க வேண்டும். அது உங்கள் எண்ணெய் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் கறியும் இல்லை. அது அண்ணனின் சொந்தச் சதை, காயத்தை ஆற்றப் போய் நிற்கத் தெரியாமல் வளர்ந்தது. இத்தனை வருஷம் சொந்தக்காரர்களில் யார் யார் என் பேச்சைக் கேட்டு உங்களைக் குறை சொன்னார்களோ, அவர்களும் இதைப் படிக்கட்டும்.

அப்புறம், அந்தக் கடைசி வரிசைப் பெண். இப்போது உனக்கு 50 வயது நெருங்கியிருக்கும். எங்கே இருக்கிறாய் என்று தெரியவில்லை. வெள்ளிமலைப் பக்கத்து மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், யார் என்று ஊகிக்க முடிந்தால், அவளிடம் காட்டுங்கள். நீ கேட்டது சரியான கேள்வி அம்மா. குழாய் வளரும். நீ வளர்ந்தபோது அதுவும் உன்னோடு வளர்ந்தது. காயம் பட்டால் மறுபடியும் வளரும். அன்றைக்கு நான் சிரிக்காமல், "தெரியலையே, விசாரிச்சு சொல்றேன்" என்று சொல்லியிருக்கலாம்.

அண்ணன் நன்றாக இருக்கிறார். கரும்பைக் குத்தகைக்கு விட்டுவிட்டார். திண்ணையில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களை விசாரிக்கிறார், கொஞ்ச தூரம் நடக்கிறார். அந்தக் காலண்டர் தாளைப் பற்றி ஒரு நாளும் என்னைக் கேட்டதில்லை.

இந்தப் பதிவைப் போடும் முன் அண்ணன் மகளுக்கு அனுப்பினேன். ஏ2பி என்பதை இரண்டு இடத்தில் ஏபி2 என்று எழுதியிருந்தேனாம். போனிலேயே சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். திருத்திவிட்டேன்.

- உங்கள் டீச்சர், கள்ளக்குறிச்சி